ஏறி இறங்கும் பேருந்துக்கு ஒரு சொல் (கொஞ்சம் அவசரம்)

நண்பர்களே, வணக்கம்.

ஒரு பயணச் செயலியைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஊரைச் சுற்றிக் காட்டும் திறந்த மாடிப் பேருந்து தெரியும்தானே? சீட்டு ஒன்று, 24 மணி நேரம். பிடித்த இடத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு, பின்னால் வரும் வண்டியில் ஏறிக்கொள்ளலாம். இந்த 'ஹாப் ஆன் ஹாப் ஆஃப்'க்கு என்ன போடலாம்? பொத்தானில் 20 குறிகளுக்குமேல் இடமில்லை. நாளை மாலை கெடு.
– ந.

----

'ஏறி இறங்கும் பேருந்து'. யாருக்கும் விளங்கும்.
– செ.

----

விளங்கும், ஆனால் வேறாக விளங்கும். எந்தப் பேருந்தில் ஏறியவர் இறங்காமல் இருக்கிறார்? தவிர, 'அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினேன்' என்று வீண் அலைச்சலுக்குத்தான் அதைச் சொல்வோம். இந்த வண்டியின் சிறப்பே இறங்கியவர் அதே சீட்டில் மறுபடி ஏறுவது. ஆகவே 'மீளேறு பேருந்து'. வினைத்தொகை, நடுவில் 'ப்' போட்டுவிடாதீர்கள்.
– இ.

----

'மீளேறு' என்றால் தொழுவத்துக்குத் திரும்பும் காளை என்று என் மாணவர்கள் உரை எழுதுவார்கள்.

சிலம்பில் 'ஊர்காண் காதை' இருக்க நாம் ஏன் அலைய வேண்டும்? கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டுக் கோவலன் மதுரையைச் சுற்றிப் பார்த்த காதை. 'ஊர்காண் பேருந்து' என்போம்.

இன்னொன்று. 'பஸ்' என்பதே பாதிச் சொல். லத்தீனில் 'ஆம்னிபஸ்' என்றால் 'எல்லாருக்கும்'. அதன் வாலை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டார்கள். நாம் 'எல்லாருக்கும்' என்பதில் 'க்கும்' மட்டும் எடுத்து வண்டிக்குப் பெயர் வைத்த மாதிரி. அதற்குப் 'பேருந்து' எவ்வளவோ மேல்.
– க.

----

ஐயா, கோவலன் நடந்துதான் பார்த்தான், சீட்டும் வாங்கவில்லை. எங்கும் இறங்கவிடாமல் ஒரே சுற்றில் கொண்டுவந்து விடும் வண்டியும் 'ஊர்காண்' தானே? பணம் கட்டப் போகிறவருக்கு அந்த வேறுபாடு தெரிய வேண்டாமா?

உண்மையில் அவர் தடுமாறப் போவது பெயரில் அல்ல. 24 மணி நேரம் எப்போது தொடங்குகிறது? பெரும்பாலும் முதல்முறை ஏறும்போது. சில சீட்டுகளோ அந்த ஒரு நாளுக்கு மட்டும். பிற்பகலில் ஏறினால் பாதி வீண். 24 மணி நேரச் சீட்டு என்றாலும் மாலையில் கடைசி வண்டி போய்விட்டால் நடைதான். சிவப்புத் தடத்துச் சீட்டு நீலத் தடத்தில் செல்லுமா என்பது வேறு. அந்த வரிகளைக் குழப்பமில்லாமல் எழுதுங்கள், ந.
– செ.

----

'நகர்வலம்' என்று அழகான சொல் கையிலேயே இருக்கிறதே!
– மு.

----

வலம் என்றால் வலப்பக்கமாகச் சுற்றுவது. இடஞ்சுழியாகப் போகும் தடத்தை 'நகரிடம்' என்பீர்களோ?
– இ.

----

எல்லாருக்கும் நன்றி. செயலி புள்ளி, கால், கொம்பு எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணுகிறது. அந்தக் கணக்கில் 'ஏறி இறங்கும் பேருந்து' 21, பொத்தான் ஏற்கவில்லை. 'ஏறி இறங்கு பேருந்து' 19. அதையே போட்டு அனுப்பிவிட்டேன். 'ஊர்காண்' பிடித்திருந்ததால் பக்கத்தின் தலைப்பில் 'ஊர்காண் சுற்று' என்று வைத்தேன். செ. சொன்ன கடைசி வண்டி நேரம் சீட்டின் விலைக்கு நேர் கீழே வருகிறது.
– ந.

----

சரி, போனது போகட்டும். ஆனால் 'இறங்கும்' என்பதில் 'ம்' ஐ வெட்டியதும் அது வினைத்தொகை ஆகிவிட்டதைக் கவனித்தீர்களா? என் 'மீளேறு'வும் வினைத்தொகைதான். அதற்கு 15 குறிதான் ஆகும், எண்ணிப் பாருங்கள். அடுத்த பதிப்பு எப்போது?
– இ.