புழுங்கல் மில்லுக்கு உமிப் பொயிலர்: சுற்றாடல் அனுமதிக்கு முதல் என்ன செய்யிறது?

மில்வளவு எழுதியது:

யாழ்ப்பாணம் தென்மராட்சியில, பிரதேச சபை எல்லைக்குள்ள ஒரு நெல்லு மில். இதுவரைக்கும் பச்சை அரிசி மட்டும்தான். இப்ப நாளுக்கு 4 தொன் நெல்லுப் புழுக்கிற அளவில ஒரு உமிப் பொயிலர் வைக்கிற திட்டம். பட்டறை தந்த விலைப்பட்டியலில 12 மீற்றர் உயரம், 45 சென்ரிமீற்றர் விட்டத்தில ஒரு சிம்னியும் ஒரு சைக்கிளோனும் (புகையைச் சுழட்டிச் சாம்பலைப் பிரிக்கிற கூடு) இருக்கு. ஃபான் இல்லை. சிம்னி தானே இழுக்கும் எண்டு சொல்லுகினம். பக்கத்து வீடு 40 மீற்றர் தூரம்.

பிரதேச சபையின்ர வியாபார உரிமம் இருக்கு, அது காணாதோ? பொயிலரைப் பூட்டிப்போட்டு விண்ணப்பிக்கிறதோ, அதுக்கு முன்னமோ? புகை அளந்த ரிப்போர்ட்டை ஆரிட்ட எடுக்கிறது? விவரம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

கச்சேரிவீதி எழுதியது:

வியாபார உரிமம் வேறு, சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேறு. இரண்டாவதைத்தான் எல்லாரும் ஈ.பி.எல் என்கிறார்கள். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி, பட்டியலில் உள்ள தொழில் எதையும் அது இல்லாமல் நடத்த முடியாது. பட்டியல் மூன்று பிரிவு. சிறிய தொழில்கள் அடங்கிய 'சி' பிரிவுக்கு உள்ளூராட்சி சபை உரிமம் கொடுக்கும். 'ஏ', 'பி' இரண்டும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் கையில். பச்சையரிசி மட்டும் குத்தும் ஆலையும் புழுங்கல் ஆலையும் ஒரே மாதிரிப் பார்க்கப்படுவதில்லை. புழுங்கலில் நாளுக்கு எத்தனை கிலோ என்பதும் பிரிவை மாற்றும். ஆகவே பழைய பிரிவை நம்பி இருக்க வேண்டாம். இணையத்தில் சுற்றுகிற 2008 பட்டியலையும் பார்க்க வேண்டாம், 2022 ஜனவரியில் புதுப் பட்டியல் வர்த்தமானியில் வந்துவிட்டது. டி.எஸ் ஒபிசில் (பிரதேச செயலகத்தில்) சுற்றாடல் உத்தியோகத்தர் இருப்பார். நாளாந்தக் கொள்ளளவையும் பொயிலரின் அளவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், எந்தப் பிரிவு என்று அவரே சொல்லிவிடுவார்.

விண்ணப்பம் இரண்டு கட்டம். வேலை தொடங்க முன்னம் சுற்றாடல் சிபாரிசு. இடம் பொருத்தமா என்று பார்ப்பது அப்போதுதான். காணி உறுதி அல்லது குத்தகைப் பத்திரம், நில அளவைப் படம், போகும் பாதைப் படம், இயந்திரங்கள் எங்கெங்கே வரும் என்ற வரைபடம், நெல் வருவதிலிருந்து அரிசி போகும்வரை படிமுறை, எரிபொருள் விவரம், கழிவு எங்கே போகிறது என்பது, இவ்வளவும் தயாராக இருக்கட்டும். அது கிடைத்த பிறகு கட்டட அனுமதி, பொயிலர் வேலை. ஓட்டத் தொடங்க முன்னம் ஈ.பி.எல். கட்டிமுடித்துவிட்டுப் போனால் சிம்னியை நகர்த்து, உயர்த்து என்று சொல்வார்கள். அப்போது செலவு இரட்டிப்பு.

பொயிலரின் நீராவிப் பாதுகாப்புச் சோதனை தொழில் திணைக்களத்தின் வேலை. அந்தச் சான்றிதழை ஈ.பி.எல் என்று நினைத்துக் கோப்பில் வைத்திருக்கிறவர்கள் உண்டு.

மறுத்தால் அறிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அமைச்சின் செயலாளருக்கு எழுத்தில் மேன்முறையீடு செய்யலாம். சட்டத்தில் 23ஈ (23E) பிரிவு. திகதியைத் தவற விடுகிறவர்கள்தான் அதிகம்.

சூட்டடுப்பு எழுதியது:

பேப்பர் வேலையை மேல சொல்லியாச்சு. நான் சிம்னியைப் பற்றிச் சொல்லுறன், ஏனெண்டா உரிமம் தடைப்படுறது பெரும்பாலும் அதிலதான்.

தம்பி, ஃபான் இல்லாத சைக்கிளோன் வேலை செய்யாது. உள்ள 200 பாகை வெப்பக் காத்து, வெளியில 30 பாகை எண்டா, 12 மீற்றர் சிம்னி குடுக்கிற இழுவை 5 மில்லிமீற்றர் நீர்மட்டம்தான் (காத்தழுத்தத்தை அப்பிடித்தான் அளக்கிறது). சைக்கிளோனுக்குள்ள காத்து வேகமாச் சுழல 50இல இருந்து 100 மில்லிமீற்றர் வேணும். ஃபான் இல்லாட்டி ரெண்டில ஒண்டு நடக்கும்: அடுப்பு மூச்சுத் திணறிக் கறுப்புப் புகை தள்ளும், அல்லது சாம்பல் பிரியாமலே வெளிய போகும். சைக்கிளோனுக்குப் பிறகு ஒரு ஐ.டி ஃபான் (புகையை இழுத்துச் சிம்னிக்குத் தள்ளுற ஃபான்) போடச் சொல்லுங்கோ. கட்டாயம்.

அடுத்தது சைக்கிளோன்ர அடிவாய். சாக்கைக் கட்டி, கம்பியால இறுக்கி விடுவினம். ஃபான் இழுக்கேக்க அந்தச் சாக்காலயே வெளிக்காத்து உள்ள ஏறி, கீழ விழுந்த சாம்பலைத் திரும்பத் தூக்கிக்கொண்டு சிம்னிக்குப் போகும். ஃபானை ஓடவிட்டு அடிவாயில ஒரு ஊதுபத்தியைப் பிடியுங்கோ. புகை உள்ள இழுபட்டா அந்த சைக்கிளோன் பேருக்குத்தான் நிக்குது. சுழல் வால்வு அல்லது எடை வைச்ச இரட்டைக் கதவு போடுங்கோ.

உமியில கிட்டத்தட்ட 20 சதவீதம் சாம்பல். 4 தொன் நெல்லில 800 கிலோ உமி வரும். அதில 500 கிலோ எரிச்சாலே நாளுக்கு 100 கிலோ சாம்பல். அது பஞ்சு மாதிரி, கிட்டத்தட்ட ஒரு கன மீற்றர் இடம் பிடிக்கும். "எங்க போடப்போறியள்" எண்டு கேப்பினம். மூடின கொட்டகை, தண்ணி தெளிச்சுப் பிறகு அள்ளுற ஒழுங்கு, எடுக்கிற செங்கல் சூளை அல்லது பசளை ஆக்களின்ர கடிதம், மூண்டையும் காட்டுங்கோ. சோளகக் காத்தில திறந்த குவியல் விட்டா அயல் வீட்டுக் கொடியில காயுற உடுப்பெல்லாம் கறுக்கும். முறைப்பாடு வாறது சிம்னிப் புகையால இல்லை, இந்தக் குவியலாலதான். சாம்பல் கறுப்பா வந்தா உமி சரியா எரியேல்லை, காத்துக் காணாது எண்டு அர்த்தம்.

மழைக்கெண்டு சிம்னி வாயில கூம்பு மூடி வைக்க வேண்டாம். புகையைக் கீழ திருப்பிவிடும். வாயைத் திறந்து விட்டு, அடியில மழைத்தண்ணி வடிய வழி விடுங்கோ.

மில்வளவு எழுதியது:

நன்றி அண்ணை. பட்டறை இப்ப தண்ணி தெளிக்கிற ஸ்க்ரபர் ஒண்டு போட்டா சைக்கிளோனே வேண்டாம் எண்டுது. அது நல்லதோ? அளவெடுக்க சிம்னியில என்ன விடவேணும்?

வளிமானி எழுதியது:

ஸ்க்ரபர் தூசைப் பிடிக்கும், ஆனால் பிரச்சினையைத் தண்ணீருக்கு மாற்றிவிடும். யாழ்ப்பாணத்தில் நிலத்துக்கடியில் சுண்ணக்கல். குழியில் விட்ட கறுப்புத் தண்ணீர் கிணற்றுக்குப் போக நாள் எடுக்காது. சுன்னாகம் மின்நிலைய எண்ணெய்க் கசிவு வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னதிலிருந்து, இங்கே கிணறு என்ற சொல் வந்தாலே யாரும் இலகுவில் கையெழுத்து வைப்பதில்லை. 4 தொன்னுக்கு நல்ல சைக்கிளோனும் ஃபானும் போதும். ஸ்க்ரபர்தான் வேண்டுமென்றால் சீமெந்துத் தொட்டியில் படியவிட்டு அதே தண்ணீரைச் சுற்றி ஓட்டுவதாக வரைபடத்தில் காட்டுங்கள். நெல் ஊறிய தண்ணீருக்கும் தனி ஏற்பாடு கேட்பார்கள். ஈ.பி.எல் காற்றுக்கு மட்டுமான உரிமம் அல்ல.

அளவெடுக்கும் துளை: ஃபான் அல்லது வளைவு முடிந்த இடத்திலிருந்து சிம்னி விட்டத்தின் குறைந்தது 8 மடங்கு மேலே, சிம்னி வாயிலிருந்து குறைந்தது 2 மடங்கு கீழே. உங்கள் 45 சென்ரிமீற்றருக்கு 3.6 மீற்றர் மேலே, 0.9 மீற்றர் கீழே. 12 மீற்றரில் தாராளமாக இடம் இருக்கிறது. ஒன்றுக்கொன்று செங்கோணமாக இரண்டு துளை, 4 அங்குலக் குழாய், மூடியோடு. துளைக்குக் கீழே இரண்டு பேர் கருவியோடு நிற்கக்கூடிய மேடை, கைப்பிடி, ஏணி, அருகில் மின் இணைப்பு. இதை பட்டறையில் கிடக்கும்போதே வெட்டிவிடுங்கள். நிமிர்த்திய சிம்னியில் வெல்டிங் செய்வது ஆபத்து, செலவும் கூட.

அளப்பதற்கு தேசிய கட்டட ஆராய்ச்சி அமைப்பு, கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் போன்றவை இருக்கின்றன. கருவி கொழும்பிலிருந்து வரவேண்டும். அயலில் இரண்டு மூன்று மில் சேர்ந்து ஒரே கிழமையில் பதிவு செய்தால் பயணச் செலவு பங்குபடும். அளவீடு மூன்று தடவை, ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம் வரை. அவ்வளவு நேரமும் பொயிலர் முழுச் சுமையில் ஒரே சீராக ஓடவேண்டும். புழுக்குவது தொட்டி தொட்டியாக என்பதால் நடுவில் சுமை விழுந்துவிடும். அன்றைக்குத் தொட்டிகளை அரை மணி இடைவெளியில் வரிசைப்படுத்துங்கள். ஈரமான உமி அன்றைக்கு வேண்டாம்.

பலர் தோற்பது தூசால் அல்ல, ஒட்சிசனால். கசிவாலும் கூடுதல் காற்றாலும் புகை ஐதாகிறது, அதைத் திருத்தித்தான் வரம்போடு ஒப்பிடுவார்கள். வாய்பாடு: அளந்த அளவு × (21 − அடிப்படை ஒட்சிசன்) ÷ (21 − அளந்த ஒட்சிசன்). அடிப்படை ஒட்சிசன் என்பது ஒப்பிடுவதற்கு ஒழுங்குவிதி வைத்திருக்கும் அளவு. உதாரணத்துக்கு அது 8 சதவீதம் என்று வைப்போம். ஒரு கன மீற்றரில் 150 மில்லிகிராம் தூசு, ஒட்சிசன் 11 சதவீதம் என்றால் திருத்திய அளவு 195. அதே 150, ஒட்சிசன் 17 சதவீதம் என்றால் 487. கதவு இடுக்கு, மூட்டுகள், மேலே சொன்ன சாக்கு, எல்லாவற்றையும் அடைத்த பிறகே அளக்கக் கூப்பிடுங்கள். உங்கள் பொயிலருக்குப் பொருந்தும் வரம்பு 2019 ஜூனில் வந்த நிலையான மூலங்களின் உமிழ்வு ஒழுங்குவிதிகளில் இருக்கிறது. பொயிலரின் அளவும் எரிபொருளும் சரியாக எந்த வரியில் வருகின்றன என்று பாருங்கள்.

சூட்டடுப்பு எழுதியது:

ஒண்டு விட்டுப்போச்சு. ஃபான் போட்டா சத்தமும் வரும். பிரதேச சபைப் பகுதியில மில் காணியின்ர எல்லையில பகலில 55 டெசிபல், இரவில 45. 40 மீற்றரில வீடு இருக்கிறபடியா ஃபானை வீட்டுப் பக்கம் இல்லாமல் மற்றப் பக்கம் வைச்சு, அடியில ரப்பர் போட்டு, பின்னேரம் 6 மணிக்குப் பிறகு ஓட்டுறதில்லை எண்டு விண்ணப்பத்திலயே எழுதுங்கோ.