ரத்தக்குழாயைத் தடுத்தால் புற்றுநோய் பரவாதா?

குழலி:
பெருங்குடல் புற்று வேறு உறுப்புகளுக்குப் பரவிய பிறகு, கீமோவோடு பெவாசிசுமாப் ஏற்றுகிறார்கள். கட்டிக்குப் புது ரத்தக்குழாய் முளைக்கவிடாத மருந்து என்றால், ஆபரேஷன் முடிந்த கையோடு கொடுத்துப் பரவலையே தடுத்துவிடலாமே?

நுண்நோக்கி:
கொடுத்துப் பார்த்தாயிற்று. சி-08, அவான்ட் என்ற இரண்டு பெரிய ஆய்வுகளிலும் அறுவைக்குப் பின் கீமோவோடு சேர்த்தும் நோய் திரும்புவது குறையவில்லை.

1971-இல் ஜூடா ஃபோக்மேன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் சொன்னதிலேயே ஒரு விளக்கம் இருக்கிறது. 1–2 மி.மீ. வரை கட்டிக்குச் சொந்தக் குழாய் தேவையில்லை. பக்கத்துத் திசுவிலிருந்து கசியும் ஆக்சிஜனே போதும். அதைத் தாண்டினால்தான் வி.இ.ஜி.எஃப். (குழாய் வளரத் தூண்டும் புரதம், பெவாசிசுமாப் தடுப்பது இதைத்தான்) சுரந்து குழாயை வரவழைக்கும். அறுவைக்குப் பின் ஒளிந்திருப்பவை அதைவிடச் சின்னத் துணுக்குகள். முளைக்காத குழாயை எப்படித் தடுப்பது? போதாததற்கு, கல்லீரலிலும் நுரையீரலிலும் ஏற்கெனவே உள்ள குழாய்களையே சில கட்டிகள் பற்றிக்கொள்ளும்.

இளவேனில்:
கட்டியைப் 'பட்டினி போடும் மருந்து' என்று இதைச் சொல்வதே பாதி உண்மைதான். கட்டியின் குழாய்கள் கோணலும் ஒழுகலுமாக இருக்கும். மருந்து அவற்றைக் கொஞ்ச காலம் சீராக்குவதால் கீமோ நன்றாக உள்ளே போகிறது என்பது புற்றுக்கட்டி ஆய்வாளர் ராகேஷ் ஜெயின் முன்வைத்த கருத்து. பரவிய நோயில் பலன் நிஜம்: 2004-இல் அனுமதி வாங்கித்தந்த ஆய்வில் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் உயிரோடிருந்த காலம்) 15.6 மாதத்திலிருந்து 20.3 ஆனது. ஆக்சிஜன் வற்றினால் கட்டி எஃப்.ஜி.எஃப். (குழாயை வளர்க்கும் இன்னொரு புரதம்) போன்ற மாற்று வழிகளைத் தேடிக்கொள்ளும். மருந்துக்கு மசியாமல் போவது அப்படித்தான்.

மருந்தாளுநர்:
'முடிந்த கையோடு' என்பதுதான் ஆபத்து. காயம் ஆறவும் புதுக்குழாய் வேண்டும். பெரிய அறுவைக்கு முன் 28 நாள், பின் 28 நாள், அதோடு புண் முழுக்க ஆறும்வரை மருந்து கூடாது. இதன் அரை ஆயுள், அதாவது உடலில் பாதியாகக் குறையும் காலம், சுமார் 20 நாள். நிறுத்தினாலும் உடனே வெளியேறாது.

கிலோவுக்கு 5 மி.கி., இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றால் 60 கிலோ ஆளுக்கு 300 மி.கி., அதாவது 12 மி.லி. மொத்தம் 100 மி.லி. வரும்படி 0.9% சலைனில்தான் கலக்க வேண்டும், டெக்ஸ்ட்ரோஸ் ஆகாது. முதல் தடவை 90 நிமிடம், ஒத்துக்கொண்டால் 60, பிறகு 30.

ரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரில் புரதம் ஒழுகும். சிறுநீரில் பட்டையைத் தோய்த்துப் பார்க்கும் சோதனையில் புரதம் 2+ வந்தால் 24 மணி நேரச் சிறுநீர் பாருங்கள். அதில் புரதம் 2 கிராம் தொட்டால் மருந்தை நிறுத்திவைப்பார்கள். திடீரென்று கடும் வயிற்றுவலி வந்தால் குடல் ஓட்டையாக இருக்கலாம், அடுத்த முறைக்குக் காத்திருக்காதீர்கள்.

குழலி:
இதேபோல் ரத்தக்குழாய் வளர்வதைத் தடுக்கும் சுனிடினிப் மாத்திரைக்கும் அறுவைக்கு முன்பின் இதே நாள் கணக்கா?

மருந்தாளுநர்:
இல்லை. அறுவைக்கு 3 வாரம் முன்பே நிறுத்தணும். பெரிய அறுவைக்குப் பின் குறைந்தது 2 வாரம், காயம் ஆறியபின்தான் திரும்பத் தொடங்கணும்.