பழுப்புக் குள்ளன் இரட்டை: நிறை கூடுதலாக வருகிறது, வெப்பநிலை தலைகீழாக இருக்கிறது. உதவுங்கள்

மன்னார்குடி மாணவி:
எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு, ஓரியன் நெபுலாவில் இருக்கும் பழுப்புக் குள்ளன் (நட்சத்திரமாக எரியும் அளவுக்கு நிறை போதாத பொருள்) கிரகண இரட்டையை, அதாவது ஒன்றையொன்று சுற்றி மாறிமாறி மறைக்கும் ஜோடியை, எடுத்திருக்கிறேன். 2006-இல் அறிவித்தார்களே, அதுதான். சுற்றுக்காலம் 9.78 நாள். இரண்டின் ஆரத் திசைவேக (நம்மை நோக்கியும் விலகியும் நகரும் வேகம்) வீச்சையும் கூட்டி கெப்ளர் விதியில் போட்டால் மொத்தம் 0.104 சூரிய நிறை வருகிறது. வெளியான மதிப்புகள் 0.054, 0.034, கூட்டினால் 0.088தான். அப்புறம், ஒளி வரைபடத்தில் (நேரத்தோடு பிரகாசம் மாறுவதைக் காட்டுவது) ஆழமான பள்ளம் சின்னது மறையும்போது விழுகிறது. கனமானதுதானே சூடாக இருக்க வேண்டும்? பெயரை மாற்றிப் போட்டிருக்கிறேனா? திங்கட்கிழமை கைடிடம் காட்ட வேண்டும்.

கும்பகோணம் ஆசிரியர்:
வட்டப் பாதைக்கான சூத்திரம் போல் தெரிகிறதும்மா. இந்த ஜோடி நீள்வட்டத்தில் சுற்றுகிறது, மையத்தொலைத் தகவு (பாதை எவ்வளவு நீண்டிருக்கிறது என்ற அளவு, வட்டத்துக்கு 0) சுமார் 0.32. இரண்டு பள்ளங்களுக்கு இடையே உள்ள நேரம் சரிபாதியாக இருக்கிறதா என்று பாருங்கள், இருக்காது. தகவின் வர்க்கத்தை 1-இலிருந்து கழித்து, ஒன்றரை அடுக்குக்கு உயர்த்தினால் 0.85. அதால் உங்கள் விடையைப் பெருக்குங்கள்.

பெயரை மாற்றாதீர்கள்! யார் கனம் என்று சொல்வது டாப்ளர் வேகம், அதாவது நீங்கள் எடுத்த அதே ஆரத் திசைவேகம். மெதுவாக ஆடுவதுதான் கனமானது. பள்ளத்தின் ஆழம் மேற்பரப்பின் பிரகாசத்தைத்தான் காட்டும். இங்கே கனமானதுதான் குளிர்ந்தது, கண்டுபிடித்தவர்களையே திகைக்க வைத்த விஷயம் இது. கனமானதன் ஆரம் 0.669, சின்னதன் ஆரம் 0.511 சூரிய ஆரம் என்பதால், பரப்பு கூடி, மொத்த ஒளியில் கனமானதே முந்துகிறது.

மன்னார்குடி மாணவி:
0.088 வந்துவிட்டது சார், ரொம்ப நன்றி! ஆனால் ஏன் குளிர்ந்திருக்கிறது?

மயிலாடுதுறை வாசகர்:
காந்தப்புலம் என்பதே வலுவான விளக்கம். கனமானது வேகமாகச் சுழல்கிறது, காந்தச் செயல்பாட்டைக் காட்டும் ஹைட்ரஜன் ஆல்ஃபா உமிழ்வும் (ஹைட்ரஜன் வெளியிடும் சிவப்பு ஒளி) அதில்தான் அதிகம். காந்தப்புலம் உள்ளேயிருந்து வெப்பம் மேலே வருவதைத் தடுத்தால் மேற்பரப்பு குளிரும், உடல் உப்பும். ஆரத்தையும் நிறையையும் கோட்பாட்டு மாதிரி எதையும் நம்பாமல் நேராக அளக்க முடிந்ததால்தான் இது வெளியே வந்தது. தனியாக இருக்கும் பழுப்புக் குள்ளனிடம் நிறையைப் பெரும்பாலும் ஊகிக்கத்தான் முடியும்.

கும்பகோணம் ஆசிரியர்:
அறிக்கையில் ஆழ விகிதத்தை அப்படியே வெப்பநிலை விகிதமாக எழுதிவிடாதீர்கள். நீள்வட்டப் பாதையில் இரண்டு கிரகணத்திலும் மறையும் பரப்பு ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. கிரகணம் பழக வேண்டுமானால், கார்த்திகை, மார்கழி மழை விட்டதும் தை இரவில் அல்கோல் என்ற கிரகண இரட்டை நட்சத்திரத்தைப் பாருங்கள். 2 நாள் 21 மணிக்கு ஒருமுறை மங்கும், வெறுங்கண்ணுக்கே தெரியும்.