புதுப்பிப்பு: அந்த '1000 வாட்ஸ்' ஆம்பை அளந்து பாத்தாச்சு

போன கிழமை கேட்டிருந்தன்: திருகோணமலையில வாங்கின ஆம்பில (அம்ப்ளிஃபயரில) '1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ' (ஒரு கணத்துக்கு மட்டும் வரலாமெண்டு விளம்பரத்துக்குப் போடுற உச்சக் கணக்கு) எண்டு போட்டிருக்கு, கோயில் திருவிழாவுக்குக் காணுமோ எண்டு. "ஸ்பீக்கரில அளக்காதேங்கோ, டம்மி லோட் (ஸ்பீக்கருக்குப் பதிலா மாட்டுற ரெசிஸ்டர்) போடுங்கோ" எண்ட அண்ணாவுக்கு நன்றி.

8 ஓம், 100 வாட்ஸ் ரெசிஸ்டர் ரெண்டைப் பழைய ஹீட்சிங்கில இறுக்கி, போனில இருந்து 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை குடுத்து, அலையின்ர வடிவத்தைக் காட்டுற ஒசிலஸ்கோப்பில பாத்தன். 26 வோல்ட் உச்சம் வரைக்கும் அலை வடிவா உருண்டு நிண்டது. இன்னும் கொஞ்சம் திருப்ப, கத்தியால சீவின மாதிரி மேலயும் கீழயும் தட்டை, அதோட ஆம்பின்ர எல்லை முடிஞ்சுது! 26ஐ 1.414ஆல பிரிச்சா 18.4 வோல்ட் ஆர்.எம்.எஸ் (வலுவைக் கணக்கிடப் பாவிக்கிற வோல்ட் அளவு). அதின்ர வர்க்கத்தை 8ஆல பிரிச்சா 42 வாட்ஸ். ரெண்டு சனலும் சேந்து ஓடேக்க உச்சம் 24க்கு இறங்கி, சனலுக்கு 36 தான். ரெசிஸ்டரில கை வைக்கேலாத சூடு.

உண்மையில பின்பக்கத்தைப் பாத்தாலே விளங்கியிருக்கும். 2 ஆம்பியர் பியூஸ். 230 வோல்டில தொடர்ந்து 460 வாட்ஸளவுதான் உள்ளயே போகும், பிறகெங்க 1000 வெளிய வாறது?

திருவிழாவுக்கு வாடகை செட்தான். இது வீட்டு விறாந்தைக்குத் தாராளம், அம்மா இப்பவே சத்தத்தைக் குறைக்கச் சொல்லுறா.