தரைத்தள ஃபிளாட்: வீட்டு இன்ஷூரன்ஸில் எதற்குப் பணம் வரும், எதற்கு வராது?

முடிச்சூர்_தரைத்தளம்:
850 சதுர அடி கார்ப்பெட் ஏரியா, 75 லட்சத்துக்கு வாங்கியது. லோன் கொடுத்தபோதே பேங்கில் ஏதோ இன்ஷூரன்ஸ் போட்டார்கள். அது போதுமா, 75 லட்சத்துக்குத் தனியாக எடுக்கணுமா? மழைத்தண்ணீர் உள்ளே வந்தால் ஃபிரிட்ஜ், கட்டிலுக்கெல்லாம் கிடைக்குமா? பாத்ரூம் சுவர் எப்போதும் ஈரமாக இருக்கிறது, அதையும் கேட்கலாமா?

பாலிசி_படிப்பவர்:
முதலில் பேங்க் கொடுத்த பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். கடன் வாங்கியவர் இறந்தால் பாக்கியை அடைக்கும் ஆயுள் காப்பீடாக இருந்தால், வெள்ளத்துக்கு ஒரு பைசா வராது. கட்டடத்துக்கான பாலிசிதான் என்றால், பொருட்களும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பேங்க் பெயர் அதில் இருந்தால் கட்டடத்துக்கான பணம் முதலில் அவர்களுக்கே போகும்.

75 லட்சத்துக்கு எடுப்பது வீண். அதில் மனைப் பங்கும் பில்டர் லாபமும் இருக்கின்றன. நிலத்தை வெள்ளம் கொண்டுபோகாது. திரும்பக் கட்ட ஆகும் செலவுதான் கணக்கு. சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்தால் 850-க்கு 21.25 லட்சம். உங்கள் பகுதியில் இன்று என்ன ரேட் என்று ஒரு மேஸ்திரியிடம் கேட்டுப் போடுங்கள்.

2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு (ஆயுள் அல்லாத) நிறுவனங்களும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான பாலிசியை விற்க வேண்டும். அதில் கட்டடத்துக்கு எடுத்தாலே, அந்தத் தொகையில் 20 சதவீதம் வீட்டுப் பொருட்களுக்குத் தானாகச் சேரும், உச்சவரம்பு 10 லட்சம். உங்களுக்கு 4.25 லட்சம். பட்டியல் கொடுத்தால் கூட்டிக்கொள்ளலாம். நகைக்குத் தனியாகச் சேர்க்கணும், ரொக்கத்துக்குக் கிடையாது.

சர்வே_அனுபவஸ்தர்:
'என்ன நஷ்டம்' என்று பார்க்காமல் 'எதனால் நஷ்டம்' என்று பாருங்கள். இந்தப் பாலிசியில் காரணங்களை எழுதி வைத்திருக்கிறார்கள்: தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, மரமோ வண்டியோ மோதுவது, கலவரம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ உடைவது. இந்த மாதிரி எழுதியிருப்பதில் ஒன்றாக இருந்தால்தான் கிளைம்.

ஈரச்சுவர் அதில் வராது. குழாய் திடீரென வெடித்து அறை நனைந்தால் வரும். வருஷக்கணக்கில் கசிந்து ஊறுவது பராமரிப்புக் குறை. புதுக் கட்டடம் தானாக அமர்ந்து விழும் விரிசலும் அப்படித்தான்.

திருட்டில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வெள்ளம், தீ மாதிரி ஒன்று நடந்து, அதன் விளைவாக 7 நாளுக்குள் திருடு போனால் மட்டும் உண்டு. சும்மா பூட்டை உடைத்த திருட்டுக்குத் தனிக் காப்பீடு வேண்டும்.

முடிச்சூர்_தரைத்தளம்:
அப்போ தண்ணீரில் நனைந்த ஃபிரிட்ஜ்?

சர்வே_அனுபவஸ்தர்:
வெள்ளத்தில் மூழ்கிக் கெட்டால் உண்டு. ஆனால் மின்கசிவு, ஷார்ட் சர்க்யூட், வோல்டேஜ் ஏறி எரிவது (இடியால் வந்தாலும் சரி) அந்தச் சாதனத்துக்குக் கிடையாது. ஏசியில் ஷார்ட் ஆகித் தீ பரவினால், எரிந்த திரைச்சீலைக்கும் சுவருக்கும் பணம் வரும், ஏசிக்கு வராது. அதனால் தண்ணீர் வடிந்ததும் மெயினைப் போடாதீர்கள். எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகு போடுங்கள். இல்லையென்றால் கெட்டது வெள்ளத்திலா, கரண்ட்டிலா என்ற வாதம் கிளம்பும்.

சேற்றைக் கழுவுவதற்கு முன்பே சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிகிற மாதிரி படம் எடுங்கள். மாடல் நம்பர் ஸ்டிக்கரையும் எடுங்கள். உடனே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். நஷ்டத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வரும்வரை கெட்ட சாமானைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். தூக்கிப்போட்டே ஆகணும் என்றால் மெயிலில் கேட்டு, பதில் வந்த பிறகு போடுங்கள்.

அசோசியேஷன்_ஆள்:
லிஃப்ட், ஜெனரேட்டர், சம்ப் மோட்டார், காம்பவுண்டு சுவர் போன்ற பொதுச் சொத்தை உங்கள் தனிப் பாலிசியில் தேடாதீர்கள். அசோசியேஷன் பெயரில் ஒன்று இருக்கிறதா என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். பார்க்கிங்கில் மூழ்கிய கார், மோட்டார் பாலிசியின் கணக்கு. தண்ணீரில் நிற்கும்போது ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் (கூடுதலாகப் பணம் கட்டிச் சேர்ப்பது) இல்லாமல் தருவது கஷ்டம்.

கிளைமை மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) போகலாம். 50 லட்சம் வரை விசாரிப்பார்கள், கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.