சாம்பார் எத்தனை கிராம்? சாப்பாட்டுக் கணக்கு எழுதுகிறவர்கள் சொல்லுங்கள்

ஈரோட்டுக் கணக்கு:
எல்லோருக்கும் வணக்கம். வயது 46. ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் வேலை. காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் இரவு எட்டு வரை நாற்காலிதான். போன மாதம் ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி, அதாவது ரத்தச் சர்க்கரையின் சராசரி அளவு, 6.1 வந்தது. 5.7-க்குக் கீழே இருக்க வேண்டுமாம், 6.5 தொட்டால் சர்க்கரை நோயாம். "நடுவில் நிற்கிறீர்கள். மூன்று மாதம் சாப்பிடுவதையும் நடப்பதையும் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார் டாக்டர்.

போனில் ஒரு செயலி போட்டேன். சாம்பார் எத்தனை கிராம் என்று கேட்கிறது. "கரண்டியோடு சேர்த்தா, கரண்டி இல்லாமலா?" என்று வீட்டில் சிரிப்பு. ஒன்பது நாள் ஓட்டினேன். பத்தாம் நாள் மச்சினன் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்துகொண்டு யார் போனைத் தடவுவது? அன்று விட்டது விட்டதுதான். போதாததற்குத் தினம் பத்தாயிரம் அடி நடக்கச் சொல்கிறது. எனக்கு 3,200 தாண்டவில்லை. கடைக் கணக்கில் பைசா பிசகாது, சொந்த வயிற்றுக் கணக்கு நிற்க மாட்டேன் என்கிறது. யாராவது விடாமல் எழுதியிருக்கிறீர்களா?

பைக்வாசி:
என் கைப்பட்டை, குண்டும் குழியுமான ரோட்டில் பைக் ஓட்டினாலே அடி எண்ணும். வேண்டுமானால் இரவல் தருகிறேன் அண்ணே!

நெல்லை டீச்சர்:
தம்பி, செயலியை விடுங்கள். நான் எழுதுவது தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம். கிழித்த தாளைக் கிளிப்பில் மாட்டி அடுப்படியில் தொங்கவிட்டிருக்கிறேன். கிராம் எல்லாம் கிடையாது. இட்லி 4, காபி 1, சாதம் 3 கரண்டி. கரண்டியை மட்டும் மாற்ற மாட்டேன். கை கழுவி வந்ததும் எழுதிவிட வேண்டும். ராத்திரி யோசித்து எழுதினால் இட்லி நினைவிருக்கும், முறுக்கு மறந்துபோகும்!

இரண்டு வாரம் கழித்துத் தாள்களைத் தரையில் பரப்பிப் பார்த்தேன். அதுவரை சோற்றின் மேல்தான் சந்தேகம். அகப்பட்டது டீ. ஞாயிற்றுக்கிழமை இரண்டு, பள்ளிக்கூட நாளில் நான்கு. டீக்கு இரண்டு ஸ்பூன், ஸ்பூனுக்கு 4 கிராம் என்றால் டீயிலேயே 32 கிராம் சர்க்கரை. நாளுக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். விடைத்தாள் திருத்தும் நாட்களில் கூடவே மிக்சர் வேறு. தாளில் எண்ணெய்க் கறையே சாட்சி.

முதலில் ஒரு ஸ்பூன் குறைத்தேன். பிறகு இரண்டு டீயில் சர்க்கரையே இல்லை. ஒரு வாரம் கஷாயம் குடிக்கிற மாதிரிதான் இருந்தது. இரவு சாப்பிட்டதும் தெருவில் கால் மணி நேர நடை. நடந்தால் தாளில் ஒரு கோடு. 6.3 இருந்தது ஆறு மாதத்தில் 5.8 ஆனது. கல்யாண நாளில் "கல்யாணம்" என்று மட்டும் எழுதிவிட்டு மறுநாள் தொடருங்கள். ஒரு மாதத்திலேயே ஓடிப்போய் எச்பிஏ1சி பார்க்காதீர்கள். அது சுமார் மூன்று மாத சராசரி.

செக்கெண்ணெய்:
டீச்சர் சொன்னதோடு எண்ணெயையும் சேருங்கள். தட்டில் பார்த்தால் தெரியாது, அதனால் யாரும் எழுதுவதில்லை. புதுப் பாட்டில் உடைத்த தேதியை மூடியில் எழுதினால் போதும். எங்கள் வீட்டில் நான்கு பேருக்கு மாதம் 3 லிட்டர். ஆளுக்கு நாளுக்கு 25 மில்லி, அதுவே 200 கலோரிக்கு மேல். வெளியே தின்றது தனி.

அப்புறம் அந்தப் பத்தாயிரம். 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவிக்கு "பத்தாயிரம் அடி மீட்டர்" என்றே பெயர் வைத்தார்கள், அங்கிருந்து பரவிய எண் அது. 3,200-ஐ முதலில் 4,000 ஆக்குங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடந்தால் நல்ல கணக்குதான்.

ஈரோட்டுக் கணக்கு:
எல்லோருக்கும் நன்றிங்க. கடையில் மிச்சமிருந்த பழைய பேரேட்டில் பிள்ளையார் சுழி போட்டு ஆரம்பித்துவிட்டேன். இடப்பக்கம் வரவு, வாய்க்குப் போனது. வலப்பக்கம் செலவு, நடந்தது. நான்கு நாளாக வரவுதான் பக்கம் நிரம்புகிறது. மத்தியானம் பில் போடும் பையனை அனுப்பாமல் பேங்குக்கு நானே நடந்து போகிறேன், நேற்று 4,350.

ஒரு சந்தேகம் டீச்சர். நாலு மணிக்கு முதலாளி எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கித் தருகிறார். ஓசியில் வந்ததையும் வரவில் வைக்க வேண்டுமா?