ஃபைல் இல்லாமல் போன திருவனந்தபுரம்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர்தான். ரயில் ஏறினால் இரணியல், குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, அப்புறம் ஊர் வந்துவிடும். அந்தப் பாதையில் எத்தனை முறை போயிருப்போம் என்று எனக்கே கணக்குத் தெரியாது. ஆனால் ஊர் சுற்றிப் பார்க்க என்று ஒரு முறைகூடப் போனதில்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் திருவனந்தபுரம் என்றால் பெரிய ஆஸ்பத்திரி, இல்லையென்றால் வளைகுடாவுக்குப் போகிற பிள்ளையை வழியனுப்பும் விமான நிலையம். எனக்கு அது ஆஸ்பத்திரியாகத்தான் இருந்தது.

ஐந்து வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்காரருக்கு அங்கே இதயத்தில் பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கு முன்னும் பின்னும் போன ஒவ்வொரு தடவையும் என் மடியில் ஒரு நீல ஃபைல் இருக்கும். ஈசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனைச் சீட்டு, மருந்துச் சீட்டு எல்லாம் அதற்குள். போன நவம்பரில் பரிசோதனைக்குப் போனபோது, இனி வருடத்துக்கு ஒரு முறை வந்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது ரயிலில் இவர், "ஒருக்கா இந்த ஃபைல் இல்லாம வரணும் பிள்ளே" என்றார். அவ்வளவுதான் திட்டம். ஜனவரி இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை காலை கிளம்பி, வியாழன் சாயங்காலம் திரும்பினோம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். முன்கூட்டியே பணம் கட்டியிருந்த விடுதியில், உங்கள் பெயரில் அறையே இல்லை என்றார்கள். செல்போனில் ரசீதைக் காட்டியும் ஒரு மணி நேரம் வரவேற்பறையிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். இவருக்குக் கோபம் வந்துவிடுமோ என்று நான் பயந்தேன். கோபப்படவில்லை, பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கிழக்கேகோட்டை பக்கம் சின்னதாக ஒரு விடுதி கிடைத்தது, சுத்தமாக இருந்தது. பணம் இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் போன் செய்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஆட்டோவைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. நாங்கள் ஏறிய எல்லா ஆட்டோவிலும் கேட்காமலே மீட்டர் போட்டார்கள்.

தம்பானூர் பேருந்து நிலையத்தின் பக்கத்தில், செங்கல்லால் சுருட்டி வைத்ததுபோல் வட்டமாக ஒரு கட்டடம் நிற்கும், பார்த்திருப்பீர்கள். இந்தியன் காபி ஹவுஸ். ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிக்கு ஓடும் அவசரத்தில் அதைத் தாண்டித்தான் போவோம். இந்த முறை முதல் வேலையாக அங்கேதான் போனோம். லாரி பேக்கர் வடிவமைத்தது. இங்கிலாந்தில் பிறந்து, இந்த ஊரிலேயே வாழ்ந்து, 2007ல் இங்கேயே மறைந்தவர். உள்ளே மாடி என்று தனியாக இல்லை. தரை சரிவாகச் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது, சுவரை ஒட்டியே மேசையும் இருக்கையும். நடக்கிற தரை சரிந்திருந்தாலும் மேசை சமமாக இருக்கிறது, காபி தளும்பவில்லை. செங்கல் இடைவெளிகள் வழியாகக் காற்றும் வெளிச்சமும் வருகின்றன. விசிறி மடிப்புத் தலைப்பாகை கட்டின பரிமாறுகிறவர் மசால் தோசை கொண்டுவந்தார், உள்ளே பீட்ரூட் போட்ட சிவப்பு மசாலா. தொழிலாளர்களே கூட்டுறவாக நடத்தும் கடை என்பதால் யாரும் எழுந்திரு என்று பார்வையால் விரட்டவில்லை. முக்கால் மணி நேரம் இருந்தோம். இவர் மெதுவாக மேலே வரைக்கும் நடந்துபோய், மூச்சு வாங்காமல் இறங்கி வந்தார். நான் கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்கு மேல் மியூசியம். திங்கட்கிழமை விடுமுறை, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நேப்பியர் மியூசியம் கட்டடத்தை வடிவமைத்த சிஷோம்தான் சென்னையில் செனட் ஹவுஸையும் கட்டியவர். இது 1880ல் முடிந்தது. கூரையும் வண்ணமும் பார்க்கப் பார்க்கத் தீராது. ஆனால் எனக்கு அந்த வளாகத்தில் பிடித்தது ரவி வர்மாவின் ஓவியங்கள்தான். அன்னத்தோடு நிற்கிற தமயந்தி, காலில் தைத்த முள்ளை எடுப்பதுபோல் திரும்பிப் பார்க்கிற சகுந்தலை. எங்கள் அம்மா வீட்டுச் சுவரில் தொங்கின காலண்டர் படங்களெல்லாம் எங்கிருந்து வந்தன என்று அங்கே நின்றபோதுதான் புரிந்தது. அச்சில் பார்த்த புடவைக்கும் அந்தத் துணியில் தீட்டிய புடவைக்கும் எவ்வளவு வித்தியாசம்! பட்டு என்றால் தொட்டுப் பார்க்கத் தோன்றுகிறது.

சாயங்காலம் சங்குமுகம் கடற்கரை. கோவளம் போகவில்லை. கடல் பார்க்க நமக்குக் கன்னியாகுமரியும் முட்டமும் இருக்கின்றன. சங்குமுகத்துக்குப் போனதற்குக் காரணம் ஆறாட்டு. பங்குனியிலும் ஐப்பசியிலும் திருவிழா முடிவில் பத்மநாபசுவாமி இந்தக் கடலுக்குத்தான் நீராட வருகிறார். வழியில் விமான நிலைய ஓடுபாதை இருப்பதால், அந்தச் சில மணி நேரம் விமானங்களை நிறுத்திவிட்டு ஊர்வலத்தை ஓடுபாதை வழியாக விடுகிறார்கள். என் தம்பி மஸ்கட் போன அன்று இதே விமான நிலைய வாசலில் நின்று அழுதிருக்கிறேன். மணலில் உட்கார்ந்து சூரியன் இறங்குவதைப் பார்த்தோம். கானாயி குஞ்ஞிராமன் செய்த பெரிய கடற்கன்னிச் சிலை அங்கேதான் படுத்திருக்கிறது, அதைச் சுற்றிப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

இனி கோயில். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

பத்மநாபசுவாமி கோயிலில் ஆண்கள் வேட்டி மட்டும்தான் கட்ட வேண்டும், சட்டையோ பனியனோ கூடாது. பெண்களுக்குச் சேலை. சுடிதார் போட்டு வருகிறவர்கள் மேலே முண்டு சுற்றிக்கொள்கிறார்கள். செல்போன் வெளியிலேயே வைத்துவிட வேண்டும். சட்டையைக் கழற்றுவது எங்கள் குமரிப் பக்கத்து ஆட்களுக்குப் புதிது இல்லை, சுசீந்திரத்திலும் அந்த வழக்கம் உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் அது பெரிய விஷயமாகிவிட்டது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு இவர் நெஞ்சில், தொண்டைக்குழிக்குக் கீழேயிருந்து ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு. வீட்டுக்குள்ளும் பனியன் இல்லாமல் இருக்க மாட்டார். ஐந்து வருடமாகச் சுசீந்திரத்தில் வாசலில் நின்று கும்பிட்டதோடு சரி. நான் ஒருநாளும் வற்புறுத்தியதில்லை.

அன்றைக்கும், "நீங்க வெளிய இருங்க, நான் பாத்துட்டு வாறேன்" என்றேன். கொஞ்ச நேரம் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏழு நிலை, அடுக்கடுக்காக விரிந்து நிற்கிற நம் பக்கத்துக் கோபுரம். அப்புறம், "இம்புட்டுத் தூரம் வந்தாச்சு, நானும் வாறேன்" என்று சொல்லி, துண்டை நெஞ்சு மறைய இறுக்கிப் போர்த்திக்கொண்டு வந்தார்.

வரிசை மெதுவாகத்தான் நகர்ந்தது. கல் தூண்களுக்கு நடுவே நடக்கும்போது நெரிசலில் துண்டு நழுவிவிட்டது. அவசரமாக இழுத்துப் போர்த்தினார். முன்னால் நின்ற பெரியவர் திரும்பிப் பார்த்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், ஒல்லியான உடம்பு, நெற்றியில் சந்தனம். அவர் நெஞ்சிலும் அதே கோடு. பழசாகி, தோலோடு தோலாக வெளுத்துப்போயிருந்தது. இவர் நெஞ்சைக் கண்ணால் காட்டி, "எத்ர வருஷமாயி?" என்று கேட்டார்.

"அஞ்சு" என்றார் இவர்.

அந்தப் பெரியவர் தன் நெஞ்சில் கையை வைத்து, "எனிக்கு பதினெட்டு" என்று சொல்லிச் சிரித்தார்.

அவ்வளவுதான் பேச்சு. வரிசை நகர்ந்தது, அவர் திரும்பிக்கொண்டார். பேர் கேட்கவில்லை, எந்த ஊர் என்று கேட்கவில்லை. இரண்டு அடி நடந்ததும் இவர் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். நான் பின்னாலேயே நடந்தேன், ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் அழுதிருப்பேன்.

பெருமாள் அனந்தன்மேல் பள்ளிகொண்டிருக்கிறார். ஒரே பார்வையில் முழுவதும் பார்க்க முடியாது, மூன்று வாசல் வழியாகப் பார்க்க வேண்டும். முதல் வாசலில் திருமுகம், கீழே தொங்கும் கைக்கு அடியில் சிவலிங்கம். நடு வாசலில் உந்தித் தாமரையும் பிரம்மாவும். மூன்றாவதில் திருவடி. நம் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளையும் இப்படித்தான் மூன்று வாசலில் பார்க்கிறோம். இரண்டு பேருமே நம்மாழ்வார் பாடிய பெருமாள்கள், இரண்டுமே மலைநாட்டுத் திருப்பதிகள். எல்லையில் கோடு போட்டது 1956ல்தானே. விளக்கு வெளிச்சத்தில் திருவடி வாசலில் நின்றபோது, என்ன வேண்டுவது என்றே எனக்குத் தோன்றவில்லை.

அன்று புதன்கிழமை. சாயங்காலம் கோயிலுக்குப் பக்கத்திலேயே குதிரமாளிகையில் கச்சேரி. ஜனவரி 6 முதல் 12 வரை வருடந்தோறும் அங்கே சுவாதி சங்கீதோத்சவம் நடக்கிறது. சுவாதி திருநாள் மகாராஜா இயற்றியவற்றை மட்டுமே பாடுவார்கள், நுழைவுக் கட்டணம் கிடையாது. அந்த மாளிகையைக் கட்டியவரும் அவர்தான். கூரைக்குக் கீழே மரத்தில் செதுக்கிய 122 குதிரைகள் வரிசையாகத் தாங்கி நிற்கின்றன. 33 வயதில் மறைந்த மனிதர், அதற்குள் இத்தனை மொழிகளில் பாட்டு! தஞ்சாவூர் நால்வரில் ஒருவரான வடிவேலு அவர் சபையில் இருந்தவர். எனக்கு ராகம் கண்டுபிடிக்கத் தெரியாது. பனிக்காற்றில், மாளிகை முற்றத்தில், இவர் தோளோடு தோள் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பாட்டுக் கேட்டேன். கடைசியாக நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கச்சேரிக்குப் போனது கல்யாணமான புதிதில்.

வியாழன் காலை சாலைக் கம்போளம். திவான் ராஜா கேசவதாசன் உண்டாக்கிய கடைத்தெரு, அவரும் இன்றைய குமரி மாவட்டத்தில் பிறந்தவர்தான். மளிகை, பாத்திரம், வெற்றிலை, எல்லாக் கடையிலும் தமிழ் காதில் விழும். பூக்கடையில் நான் மலையாளத்தில் விலை கேட்டேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்து, "பிச்சி நல்லா இருக்கு, காலைல தோவாளைல இருந்து வந்ததுதான், எடுத்துக்கோங்க அக்கா" என்றார். நம் ஊர்ப் பூவை 70 கிலோமீட்டர் தாண்டிப் போய் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் வருடா வருடம் இந்த ஊருக்கு ஊர்வலமாக வந்து விருந்தாளியாக இருந்துவிட்டுப் போகிறார்கள். பூ தினமும் வருகிறது.

மதியச் சாப்பாடு கரமனையில் சித்தி வீட்டில். சித்தப்பாவின் அப்பா திருவிதாங்கூர் அரசாங்க வேலையில் இருந்தவர். 1956 நவம்பர் 1ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் தமிழ்நாட்டுப் பக்கம் சேர்ந்தபோது, அவர் வேலையோடு அங்கேயே இருந்துவிட்டார். தம்பிமார் தக்கலையில். சித்தப்பாவுக்குப் பேப்பர் மலையாளத்தில் படித்தால்தான் திருப்தி. சண்டை போடும்போது மட்டும் சுத்தமான தக்கலைத் தமிழ்.

சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சை நடந்த சமயம், பன்னிரண்டு நாளும் ஒரு எவர்சில்வர் தூக்குவாளியில் கஞ்சியும் பயறும் கொண்டுவந்தவள் அவள். பஸ் பிடித்து வருவாள், வார்டு வாசலில் கொடுத்துவிட்டுப் போவாள். அத்தனை வருடத்தில் அவள் வீட்டில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட எங்களுக்கு வாய்க்கவில்லை. பரிசோதனை முடிந்ததும் ரயிலைப் பிடிக்க ஓடுவோம். வாசலில் எங்களைக் கண்டதும், "இரிங்க மக்களே, இண்ணைக்கு ஒரு எடத்துக்கும் ஓட விடமாட்டேன்" என்றாள்.

வாழையிலை. சம்பாச் சோறு, பருப்பு, நெய், சாம்பார், உள்ளித்தீயல், அவியல், பயத்தங்காய்த் துவரன், மாங்காய் ஊறுகாய், ஏத்தங்காய் உப்பேரி. கடைசியில் போளி. திருவனந்தபுரத்தில் போளியைப் பால் பாயசத்தில் ஊற வைத்துப் பிசைந்து சாப்பிடுவார்கள், நம் நாஞ்சில் நாட்டுக் கல்யாணப் பந்தியிலும் உண்டே, அதேதான். மஞ்சள் நிறத்தில், மெல்லியதாக, மடித்தால் துணிபோல் மடிகிற போளி. சித்தி இவர் இலையில் ஒன்று வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பாதிதான் சாப்பிட வேண்டும் என்று சொல்ல வாய் எடுத்தேன், சொல்லவில்லை. இவர் முழுவதும் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, சட்டைப் பொத்தான் இரண்டைத் திறந்துவிட்டுக்கொண்டு திண்ணையில் சித்தப்பாவோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். சித்தி அடுக்களையிலிருந்து அதைப் பார்த்தாள். என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

கிளம்பும்போது கையில் ஒரு தூக்குவாளியைக் கொடுத்தாள். அதே தூக்குவாளிதான், கைப்பிடிப் பக்கம் நசுங்கியிருக்கும், எனக்கு நன்றாகத் தெரியும். உள்ளே போளி. பாறசாலை தாண்டினதும் இவர் அதை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். குழித்துறைப் பாலத்தில் ரயில் ஏறும்போது மூடியைத் திறந்து, ஒன்றை எடுத்து இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை எனக்குக் கொடுத்தார்.